ஏவாளுக்கும் தோட்டத்தில் பங்கு உண்டு



பெஸ்தாரி ஜெயா பக்கத்துக்காரர்களுக்குத் தென்னமரம் தோட்டத்தைத் தெரியாமல் இருக்காது. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முறையாக வணிகத்துக்கென்று செம்பனை நட்டது அங்கேதான். பின்னாளில் அவர் நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. ஆனால் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் களை பறித்த, பால் வெட்டிய, உதிர்ந்த பழம் பொறுக்கிய நம் பாட்டிமாரில் ஒருத்தியின் பெயராவது நமக்குச் சொல்லித் தரப்பட்டதுண்டா?

பைபிளின் படைப்புக் கதையில் பெண்ணுக்கு உள்ள இடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது என் நினைவுக்கு முதலில் வந்தவர்கள் அவர்கள்தான். அதுவும் ஒரு தோட்டத்தின் கதை. கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களும் தயவுசெய்து கூடவே வாருங்கள்.

நம் கல்யாண வீட்டுப் பிரசங்கங்கள் பெரும்பாலும் விலா எலும்பில் தொடங்கும்; பழத்தில் முடியும். ஆணின் விலா எலும்பிலிருந்து வந்தவள், அதனால் அவனுக்குக் கீழே. முதலில் ஏமாந்தவள், அதனால் அடங்கியே இருக்க வேண்டும். தலைகுனிந்து நிற்கும் மணப்பெண்ணுக்கு இதுவே அறிவுரை. ஆனால் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் அப்படிச் சொல்லவில்லை. ஆண், பெண் இருவரையுமே கடவுள் தம் சாயலில் படைக்கிறார். ஆசீர்வாதத்தை இருவருக்கும் சேர்த்தே தருகிறார். பூமியை ஆளும் பொறுப்பையும் இருவர் கையிலும் ஒப்படைக்கிறார். ஒருவர்மேல் ஒருவர் ஆளலாம் என்ற பேச்சே அங்கில்லை.

கணவன் மனைவியை ஆளுவான் என்ற சொல் மூன்றாம் அதிகாரத்தில்தான், பழத்தை உண்ணக்கூடாது என்ற கட்டளை மீறப்பட்ட பிறகுதான் வருகிறது. உறவு கெட்டுப்போனதால் விளைந்த கேடு அது. போப் இரண்டாம் ஜான் பால் 1988இல் பெண்ணின் மாண்பைப் பற்றி எழுதிய திருமடலும் இதையே சொல்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அதிகாரத்தில் சபிக்கப்படுவது பாம்பும் நிலமும்தான். பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்றின் வேதனை சொல்லப்படுகிறது, சாபம் என்ற சொல் அவள்மேல் விழவில்லை. நெற்றி வியர்வை சிந்தி உண்பாய் என்பதும் ஆணுக்குச் சொன்னது.

நம் தோட்டங்களிலோ இரண்டையும் பெண்ணே சுமந்தாள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, சாப்பாடு கட்டி, தூங்குகிற பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) ஓடுவாள். தன் நிரையில் ஒவ்வொரு ரப்பர் மரத்திலும் ஒட்டுப்பாலை உரித்து, கோடு பிசகாமல் வெட்டி, பால் வடியும் மங்கைச் சரிசெய்து அடுத்த மரத்துக்கு நகர்வாள். பால் நிறைந்த காண்டா வாளி தோளை அழுத்த ஸ்டோருக்கு நடப்பாள். வயிற்றில் பிள்ளை இருந்தாலும் இதே நடைதான். அவளுக்குக் கூலி? 1920களின் கடைசியில் சிலாங்கூரின் கடலோரத் தோட்டங்களில் அரசு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. ரப்பர் விலை விழுந்த 1930இல் அது 40, 32 ஆகக் குறைந்தது. கூலி விழுந்தபோதும் அந்த ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் மட்டும் அப்படியே நின்றது.

ஆண் தனியாக இருப்பது நல்லதல்ல என்பது ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம். 1931 கணக்கெடுப்பில் மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. அவ்வளவு குறைவாக வந்த பெண்கள்தான் லயங்களை, அந்தத் தோட்ட வீட்டு வரிசைகளை, குடும்பங்கள் வாழும் இடமாக்கினார்கள். முதல் பெண்ணின் ஏவாள் என்ற பெயருக்கு வேதம் தரும் விளக்கம், உயிருள்ளோர் அனைவருக்கும் தாய் என்பது. புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் ஜெராமிலும் இன்று தமிழ்க் குடும்பங்கள் இருப்பதற்கு இந்தத் தாய்மார்களும் காரணம்.

பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. முதுகில் தோம்பு கட்டிக் களைக்கொல்லி மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது. ஐரின் பெர்னாண்டஸ் நடத்திய தெனாகனித்தா என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு 2002இல் இதை ஆய்வறிக்கையாக வெளிக்கொண்டு வந்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்துக்கு இந்நாட்டில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில். மண்ணைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதரை வைத்தார் என்கிறது வேதம். காக்க வந்தவளுக்கு விஷத்தைச் சுமக்கக் கொடுத்தோம். பாதுகாப்பு கேட்டவளை வாயாடி என்றோம். எனக்கு இது பாவமாகவே படுகிறது.

போதகர்களுக்கும் குருமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்யாணத்தில் விலா எலும்புக்கு முன்னால் முதல் அதிகாரத்தையும் வாசியுங்கள், மணமக்கள் இருவரையும் பார்த்து வாசியுங்கள்.

வாசகர்களே, கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் தோட்டங்களில் உழைத்த உங்கள் பாட்டி, அம்மா, அத்தை, பெரியம்மா யாராக இருந்தாலும், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் செய்த வேலையையும் எழுதி அனுப்புங்கள். கிறிஸ்தவர்தான் என்றில்லை, எல்லோரும் எழுதலாம். ஒரு பக்கம் போதும், கையெழுத்துப் பிரதியானாலும் சரி. வரும் இதழ்களில் அந்தப் பெயர்களோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்