'கேம்' நின்றால் திருடன் நுழைகிறான்! பெற்றோரே உஷார்!

பவுர்ணமி வந்தால் திருவண்ணாமலையில் 2 கூட்டம். ஒன்று, 14 கிலோ மீட்டர் கிரிவலம் சுற்றும் பக்தர் கூட்டம். இன்னொன்று, செல்போனைத் தூக்கிப் பிடித்து "டவர் போச்சுடா" என்று புலம்பும் வாலிபர் கூட்டம்.

ஆட்டம் உச்சத்தில் இருக்கும். பட்டென்று படம் உறைந்துவிடும். மறுபடி திறந்து பார்த்தால் ஆள் அவுட்!

பணம் வைத்து ஆடும் ஆட்டம் வேறு சங்கதி. அதைத் தடுக்க 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டில் சட்டமே நிறைவேறியது. இது பொழுதுபோக்கு ஆட்டம். ஆனாலும் துப்பாக்கி, சட்டை, வைரம் என்று அதற்குள்ளும் காசு போகிறது. அது அப்பாவின் காசு.

"கேம்தானே, தொலையட்டும்" என்று பெரியவர்கள் சொல்லலாம். ஆட்டத்தோடு போனால் பரவாயில்லை. பேங்க் பணமும் சேர்ந்து போகிறதே!

போலி நம்பர்

காசு கட்டியும் வைரம் ஏறவில்லை. கேட்க ஆள் இல்லை. பையன் என்ன செய்வான்? 'கஸ்டமர் கேர்' நம்பரை இன்டர்நெட்டில் தேடுவான். அங்கேதான் மோசடிக் கும்பல் காத்திருக்கிறது.

"தம்பி, பணம் திரும்ப வந்துடும். இந்த ஆப்பை இறக்கு. ஓ.டி.பி.யைச் சொல்லு" என்பான் தேனொழுக. அந்த ஆப்பை இறக்கினால் போனில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரியும். அப்புறம் என்ன? கணக்கு காலி!

கம்பெனி வாயைத் திறந்தால் திருடனுக்கு ஏது வேலை?

2011 ஏப்ரலில் சோனி கம்பெனியின் விளையாட்டுச் சேவை உலகம் முழுக்க 23 நாள் படுத்தது. 7 கோடியே 70 லட்சம் பேர் விவரம் களவு போனதாகக் கம்பெனி வாய் திறந்தது, சேவையை மூடி சுமார் ஒரு வாரம் கழித்துத்தான்! இன்றும் அதே மவுனம்தான்.

கோளாறு எங்கே?

பக்கத்து ஆள் போனிலும் எதுவும் ஓடவில்லையா? டவர் நெரிசல். மற்றதெல்லாம் ஓடி, கேம் மட்டும் ஓடவில்லையா? கம்பெனி கம்ப்யூட்டரில் கோளாறு. 2025 அக்டோபர் 20-ந் தேதி அமெரிக்காவில் அமேசான் கம்ப்யூட்டர் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் ரோப்லாக்ஸ், போர்ட்நைட் ஆட்டங்கள் உலகெங்கும் முடங்கின. இங்கே போனை எத்தனை தடவை ஆப் பண்ணி ஆன் பண்ணினாலும் பலன் இல்லை. பொறுத்திருப்பதுதான் வழி.

பவுர்ணமிக்குப் பைசா இல்லை

டெலிபோன் ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' 2024-ல் விதி போட்டது. ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் வாடகையில் கழிவு; பிரீபெய்டு என்றால் கூடுதல் நாள் தரவேண்டும். நல்ல விதிதான். ஆனால் பவுர்ணமி இரவு 5 மணி நேரம் முடங்கினால்? சல்லிக்காசு கிடையாது!

பவுர்ணமி என்ன திடீரென்றா வருகிறது? காலண்டரிலேயே இருக்கிறது. லாரியில் கொண்டுவந்து நிறுத்தும் தற்காலிக டவர்களை மாதாமாதம் கிரிவலப் பாதையில் நிறுத்தினால் என்ன? மாவட்ட நிர்வாகம் போன் கம்பெனிகளைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும். டவர் கோளாறா? 198-ல் புகார் கொடுத்து, புகார் நம்பரை வாங்கி வைக்கவேண்டும். சும்மா புலம்பினால் கணக்கில் ஏறாது.

கேம் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. சேவை நின்றால் "கோளாறு எங்களுடையது, இத்தனை மணிக்குச் சரியாகும்" என்று திரையிலேயே தமிழில் போடுங்கள். கட்டிய காசுக்குக் கணக்குச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே! பையனைத் திட்டுவது அப்புறம். பணம் போனது தெரிந்தால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். திட்டுக்குப் பயந்து அவன் ஒரு ராத்திரி மறைத்தால், அந்த ஒரு ராத்திரி போதும் திருடனுக்கு!