கணக்கு வருதா, பில் வருதா?

ஜனவரி மாதம் தமிழ்ப் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். உள்ளே பிள்ளைகள் ஆத்திசூடி ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். வெளியே நாம் கார் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வேறொரு பாடம் நடத்திக்கொண்டிருப்போம். "சம்மருக்குப் பொண்ணை எங்க போடறீங்க?" என்பதுதான் அந்தப் பாடம்.

போன வாரம் ஒரு தோழி போனை என்னிடம் நீட்டினாள். "அக்கா, பையனை நாமினேட் பண்ணியிருக்காங்க. பெரிய யூனிவர்சிட்டி கேம்பஸ்லயே ரெண்டு வாரம். மேத்ஸ், சயின்ஸ் எல்லாம் உண்டாம். கட்டிடலாமா?" தங்க நிறத்தில் ஒரு முத்திரை, பையனின் பெயர், வாழ்த்து, அதற்குக் கீழே கட்டணம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கடிதத்துக்கு நான் முன்பணம் கட்டியிருக்கிறேன்.

மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கடிதம் வந்த அன்றே மாமியாருக்குப் போன் போட்டு, "உங்க பேத்தியை செலக்ட் பண்ணியிருக்காங்க அத்தை" என்று சொல்லியாகிவிட்டது. பணம் கட்டின பிறகுதான் பொடி எழுத்தைப் படித்தேன். அதை நடத்துவது அந்தப் பல்கலைக்கழகமே இல்லை. கோடையில் காலியாகக் கிடக்கும் விடுதியையும் வகுப்பறையையும் வாடகைக்கு எடுத்து வேறொரு நிறுவனம் நடத்துகிறது. முன்பணம் திரும்ப வராது என்பதும் அதே பொடி எழுத்தில்தான் இருந்தது.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. மகள் கேட்ட கேள்விதான் சுருக்கென்றது. "அம்மா, என்னை எதுக்கு செலக்ட் பண்ணாங்க? நான் அவங்களுக்கு எதுவுமே அனுப்பலையே?"

பதினாலு வயதுப் பெண்ணுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள். அன்றிலிருந்து எந்தக் கோடைக்கால முகாமைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான்: தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் பிள்ளையிடம் என்ன கேட்கிறார்கள்? கணக்கு அனுப்புகிறார்களா, பில் அனுப்புகிறார்களா?

பல்கலைக்கழகங்கள் தாங்களே நடத்தும் கட்டண வகுப்புகளை நான் குறை சொல்ல வரவில்லை. விடுதியில் தங்கிப் பழகலாம், ஒரு பாடம் பிடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கலாம். வசதி இருந்தால் அனுப்புங்கள். ஆனால் அட்மிஷனுக்கு டிக்கெட் என்று நினைத்து வாங்காதீர்கள். அங்கே படித்தால் பின்னால் சேர்க்கைக்கு முன்னுரிமை கிடையாது என்று பல பல்கலைக்கழகங்களே எழுதிவைத்திருக்கின்றன. நாம்தான் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

கணக்கு அனுப்புகிறவர்கள் வேறு ரகம். 1957-ல் ஆர்னால்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் நோத்ருடாம் பல்கலைக்கழகத்தில் ஒரு கோடை வகுப்பு தொடங்கினார். 1964-ல் அது அவரோடு ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனது. எளிய விஷயங்களை ஆழமாக யோசி என்பதுதான் அவருடைய தாரக மந்திரம். 2002-ல் அவர் மறைந்த பிறகும் ராஸ் முகாம் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே படித்துப் பழகியவர்கள் 1989-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது பிராமிஸ். டெக்ஸஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கணித முகாமும் இதே வம்சம்தான். 1993-ல் தொடங்கிய கனடா/யூஎஸ்ஏ மேத்கேம்ப் ஐந்து வாரம் நடக்கிறது. எந்த வகுப்புக்குப் போவது, எதை விடுவது என்பதை அங்கே பிள்ளைகளே முடிவு செய்கிறார்கள்.

சரி, ஆறு வாரம் அப்படி என்னதான் செய்வார்கள்? ஒரு உதாரணம் சொல்கிறேன். பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். 5 என்ற பகா எண்ணை 1 + 4 என்று இரண்டு வர்க்க எண்களின் கூட்டலாக எழுதலாம். 13 என்பது 4 + 9. 17 என்பது 1 + 16. ஆனால் 7, 11, 19 ஆகியவற்றுக்கு எவ்வளவு முட்டினாலும் வராது. ஏன்?

கொஞ்ச நேரம் பட்டியல் போட்டால் ஒன்று கண்ணில் படும். நாலால் வகுத்தால் 1 மிச்சம் வரும் பகா எண்களுக்கு நடக்கிறது, 3 மிச்சம் வருகிறவற்றுக்கு நடக்கவில்லை. இரண்டாவது பாதியை எட்டாம் வகுப்புப் பிள்ளையே நிரூபித்துவிடும். எந்த வர்க்க எண்ணை நாலால் வகுத்தாலும் மிச்சம் 0 அல்லது 1-தான். இரண்டைக் கூட்டினால் 0, 1, 2 வரலாம், 3 வரவே வராது. ஆனால் முதல் பாதி, அதாவது 1 மிச்சம் வந்தால் கட்டாயம் எழுத முடியும் என்பது, லேசில் மசியாது. பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்னார். நிரூபணத்தை எழுதிவைக்க ஆய்லர் வர வேண்டியிருந்தது, அதற்கு நூறு வருஷம் ஆனது.

இந்த மாதிரிக் கேள்விகளோடுதான் பிள்ளைகள் மல்லுக்கட்டுகிறார்கள். ராஸிலும் பிராமிஸிலும் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கூற்றைக் கொடுத்து, "நிரூபி, இல்லையென்றால் பொய்யென்று காட்டு, முடிந்தால் அதைக் காப்பாற்று" என்பார்கள். கூற்று தப்பாக இருந்தால் தூக்கிப் போடக் கூடாது. எதை மாற்றினால் உண்மையாகும் என்று தேட வேண்டும். கல்லூரி மாணவர்கள் அண்ணன், அக்கா மாதிரி கூடவே தங்கி, எழுதியதைத் திருத்திக் குறிப்பு எழுதித் தருவார்கள். மார்க்கும் இல்லை, ரேங்க்கும் இல்லை.

அறிவியலிலும் இந்த ரகம் உண்டு. 1959-ல் கலிஃபோர்னியாவின் ஓஹாய் என்ற ஊரில் தொடங்கியது சம்மர் சயின்ஸ் புரோகிராம். அங்கே மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, பூமிக்குப் பக்கத்தில் வந்து போகும் ஒரு குறுங்கோளைத் தொலைநோக்கியில் படம் பிடித்து, அதன் சுற்றுப்பாதையைத் தாங்களே புரோகிராம் எழுதிக் கணக்கிடுவார்கள். இப்போது உயிர்வேதியியல் மாதிரி வேறு பிரிவுகளும் வந்துவிட்டன. எம்.ஐ.டி.யில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. 1984-லிருந்து இருக்கிறது. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். ஆனால் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. நியூ ஜெர்சியின் கவர்னர்ஸ் ஸ்கூல் ஆஃப் சயின்ஸ், கலிஃபோர்னியாவின் காஸ்மாஸ் போல மாநில அளவில் நடப்பவையும் உண்டு. உங்கள் மாநிலத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

காசு விஷயத்தில் ஒரு வார்த்தை. கட்டணத்தைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். நியூ ஜெர்சி முகாமுக்குக் கட்டணமே இல்லை. ராஸ், பிராமிஸ், மேத்கேம்ப் மூன்றுமே குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருகின்றன. நம்ம ஆட்களுக்கு உதவி கேட்கக் கூச்சம். பிள்ளைக்கு இடம் கிடைத்த பிறகு அந்தக் கூச்சத்தைப் பார்க்காதீர்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதை. மகள் இப்போது பதினோராம் வகுப்பு. இந்த முறை அவளே ஒரு கணித முகாமைத் தேர்ந்தெடுத்து, விண்ணப்பக் கணக்குகளைப் பிரிண்ட் எடுத்தாள். என்ன கணக்கு என்று இங்கே எழுத மாட்டேன், வெளியே பேசக் கூடாது என்பது விதி. புத்தகம் பார்த்துப் பொதுவாகப் படித்துக்கொள்ளலாம், ஆனால் யாரிடமும் உதவி கேட்கக் கூடாது.

இரண்டு கணக்கு சீக்கிரம் முடிந்தது. மூன்றாவதில் மூன்று வாரம் மாட்டிக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில் தாள், சோபாவில் தாள், ரசத்துக்குப் பக்கத்தில் தாள். நானும் இன்ஜினியரிங் படித்தவள்தானே? ஒருநாள் ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டரை மணிக்கு வழி தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் தோசை வார்த்துக்கொண்டே, "ஒற்றை எண்ணை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தியா?" என்றேன், ஏதோ சும்மா கேட்பது மாதிரி.

அவள் சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நீ போட்டுட்டியா?"

நான் பேசவில்லை.

"ஏம்மா? இப்ப நான் அதை எழுதினா அது உன்னோடது. எழுதலைன்னா, தெரிஞ்சும் எழுதாம இருக்கணும். ரெண்டுமே எனக்குப் போச்சு."

அன்று முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. பிள்ளைக்கு ஒரு கணக்கை முடித்துக் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். மூன்று வாரம் அவளுடையதாக இருந்த ஒன்றை அந்த ஒற்றை வரியில் பிடுங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தங்க முத்திரைக் கடிதத்துக்குப் பணம் கட்டியதும் இந்தப் புத்திதான். அவள் அனுப்பாததற்கு நான் பணம் கட்டினேன், அவள் கண்டுபிடிக்காததற்கு நான் வழி சொன்னேன்.

கடைசியில் அவளே முடிவு எடுத்தாள். எதுவரைக்கும் தானாகப் போனாளோ அதுவரைக்கும் மட்டும் எழுதி, அதற்கு மேல் வீட்டில் ஒரு குறிப்பு காதில் விழுந்துவிட்டது என்றும் சேர்த்து எழுதி அனுப்பினாள். "ஐயோ, அதை எதுக்கு எழுதறே?" என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். எல்லாக் கணக்கையும் முடிக்க வேண்டும் என்று இந்த முகாம்கள் எதிர்பார்ப்பதில்லை. எப்படி யோசித்தாள் என்பதைத்தான் பார்க்கிறார்கள் என்று இப்போது என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

முடிவு வசந்தத்தில் தெரியும். கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் அந்தக் குறிப்புதான் காரணமோ என்று எனக்கு உறுத்தும். அது நான் சுமக்க வேண்டிய உறுத்தல், அவள் தலையில் கட்ட மாட்டேன்.

தோழிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "பணம் கட்டறதுக்கு முன்னாடி பையன்கிட்ட கேளு, நீ அவங்களுக்கு என்ன அனுப்பினேன்னு. ஒண்ணுமில்லைன்னா அந்தக் கடிதத்தை மூடு. மேத்ஸ் நிஜமாவே பிடிக்கும்னா, கணக்கு அனுப்பற இடமாப் பார்த்து அவனையே உட்கார வை. நீ அந்தப் பக்கம் போகாதே." ஆர்.எஸ்.ஐ.க்கு டிசம்பரிலேயே கெடு முடிந்துவிடும். மற்றவற்றில் பலவற்றுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தேதியை மட்டும் அந்தந்தப் பக்கத்தில் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பம் அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. நேற்று மேஜையைத் துடைக்கப் போனால் மறுபடியும் தாள்கள். அதே மூன்றாவது கணக்கு. "அனுப்பியாச்சே, இன்னும் என்ன?" என்றேன்.

"வேற வழி இருக்கும்மா. உன் வழி இல்லாம."

தாளை நகர்த்தாமல், சுற்றித் துடைத்துவிட்டு வந்தேன்.