பேய்ப்பாட்டு என்று ஒதுக்கலாமா?

பிள்ளைகள் கேட்கும் பாட்டு காதுக்கருவியை மீறி வெளியே கசிந்தால், "என்னடா இது, பேய் கத்துவது போல!" என்று அதட்டாத பெற்றோர் நம்மில் குறைவு. அதிலும் 'கோதிக் மெட்டல்' என்றொரு வகை உண்டு. அடிவயிற்று உறுமல், கனத்த கிட்டார், நடுவே தேவாலயப் பாட்டுப் போல ஒரு பெண்குரல். பொருளோ சாவு, சாபம், சுடுகாடு. இங்கிலாந்தின் பாரடைஸ் லாஸ்ட் குழு 1991-ல் வெளியிட்ட 'கோதிக்' என்ற இசைத்தொகுப்பால் வந்த பெயர் அது.

ஒதுக்குமுன் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். பின்லாந்தில் எலியாஸ் லோன்ரோட் என்ற மருத்துவர் ஊர் ஊராகச் சென்று, முதியோர் பாடிய பாடல்களைத் திரட்டி, 1835-ல் 'கலேவலா' காவியமாக வெளியிட்டார். 1994-ல் அந்நாட்டு இளைஞர்களின் அமார்பிஸ் குழு, அக்காவியத்தைக் கொண்டே ஒரு மெட்டல் தொகுப்பை உருவாக்கியது. அதே 1994-ல் கலேவலா தமிழிலும் வந்தது. மொழிபெயர்த்தவர் பின்லாந்தில் குடியேறிய ஈழத்தமிழர் உதயணன். பாட்டிகளின் பாட்டு பேரன்களின் கிட்டாருக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், நடுவில் ஒருவர் கேட்டு எழுதி வைத்ததே.

நம்மிடம் இருள் குறைவா என்ன? காரைக்கால் அம்மையார் பேய் வடிவம் வேண்டிப் பெற்று, திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடினார். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்திலே கூழ் காய்ச்சுகின்றன. பழிவாங்கும் பேயான நீலியை, சமணப் புலவர் ஒருவர் வாதம் புரியும் ஞானியாக்கி 'நீலகேசி' செய்தார். பழங்கதைக்குப் புது உரு கொடுப்பது நமக்குப் புதிதல்ல. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டு நீலியை மலையாளிகள் யட்சி என்கிறார்கள். 2025-ல் 'லோகா' திரைப்படம் அவளை இக்காலப் பெங்களூருக்கே கொண்டுபோனது.

இசையிலும் முயற்சிகள் உண்டு. சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய ருத்ரா குழு, வேதாந்தத்தையும் வடமொழி மந்திரங்களையும் மெட்டலில் பாடியது. கண்ணூரின் 'தி டவுன் ட்ராடன்ஸ்' குழு 2014-ல் வெளியிட்ட தொகுப்பில் கேரள நாட்டுப்புற இசையைக் கலந்தது. நம் நீலிக்கும் இசக்கிக்கும் சுடலைமாடனுக்கும் நம் பிள்ளைகள் ஏன் பாட்டுக் கட்டக்கூடாது?

பொன்முடி போகும் வழியில் கல்லாற்றில் இறங்கிக் குளித்து, கட்டுச்சோறு உண்டு திரும்புகிறோம். அந்தக் காடுகளில்தான் காணிக்காரர் வாழ்கிறார்கள். மலைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் அவர்கள் உண்டு. அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். நோய் தீர்க்கப் பாடும் சாற்றுப்பாட்டில் 'கொக்கரை' என்ற இரும்புக் கருவியைக் கம்பியால் உரசி ஒலி எழுப்புவார்கள். மெட்டல் என்றால் இரும்புதானே! விஷ வைத்தியத்துக்காக 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற லட்சுமிக்குட்டி அம்மா இந்தக் கல்லாற்றுக் காட்டைச் சேர்ந்தவர். அவர் கற்றது தாயிடம், காத்தது நினைவில். வாய்மொழி அறிவு ஒரு தலைமுறை கேட்க மறந்தால் போய்விடும்.

இந்தப் பாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும் என அஞ்சுவோர் உண்டு. ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள், காதுக்கு நல்லது. ஆனால் பேய்க்கதை கேட்டு வளர்ந்த நாம் கெட்டா போனோம்? எனக்குள்ள அச்சம் வேறு. டிராகுலாவையும் தோரையும் அறிந்த நம் பிள்ளைக்கு இசக்கி யாரென்று தெரியவில்லை. ஊரை விட்டு வந்தபோது பண்டபாத்திரங்களைக் கொண்டுவந்த நாம், கதைகளை அங்கேயே விட்டுவிட்டோம். நீதிக்கதைகளை மட்டும் சொன்னோம். நடுங்க வைத்தவற்றை "நாகரிகமில்லை" என்று மறைத்தோம்.

சங்கங்களுக்கு என் யோசனை இது. வில்லுப்பாட்டு அறிந்த நாஞ்சில்நாட்டுப் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பாடவைத்துப் பதிவு செய்வோம். பிள்ளைகளையே கைப்பேசியில் பதியச் சொல்வோம். ஆண்டுவிழாவில், பரதநாட்டியத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் இடையே, அவர்கள் கிட்டாருக்கும் பத்து நிமிடம் ஒதுக்குவோம். நீலி உறுமட்டும், தமிழில் உறுமட்டும்.