பாட்டு கேட்க 5.1 வாங்கப் போறீங்களா? பின்னாடி ஸ்பீக்கரைக் கவனிங்க!

டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படித் திருவிழா. 365 படிகளிலும் பஜனைக் குழுக்கள் திருப்புகழ் பாடியபடி ஏறும். நடுவில் நின்றால் முன்னாலும் பாட்டு, பின்னாலும் பாட்டு. பின்னால் வரும் குரல் மெலிந்தா கேட்கிறது? இல்லையே!

வீட்டு 5.1 செட்டில் மட்டும் முன்னால் பெரிய ஸ்பீக்கர், பின்னால் உள்ளங்கை அளவு பெட்டி. படத்துக்கு இது ஓகே; பின்னால் பெரும்பாலும் மழை, கூட்டச் சத்தம்தான். பாட்டுக்குப் பத்தாது. 2012-ல் ‘சிவாஜி 3டி’யோடு தமிழ் சினிமாவுக்கு வந்த டால்பி அட்மாஸ், 2021-ல் ஆப்பிள் மியூசிக்கில் பாட்டுகளுக்கும் வந்துவிட்டது. இப்போது கோரஸ், தபேலா, வயலின் எதுவும் முழுசாகப் பின்னால் ஒலிக்கலாம்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனிக் குரல் உண்டு. முன்னால் கேட்ட வயலின், பின்னால் போனதும் வேறு வயலினாகிவிட்டால் மொத்த சுகமும் போச்சு. சின்னப் பெட்டியில் தபேலாவின் ‘கும்’மும் வராது. ‘அதான் சப்-வூஃபர் இருக்கே’ என்பார்கள். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது, அதுவரை சரி. சின்னப் பெட்டிக்காக அந்த வரம்பை 150-க்கு ஏற்றினால், பின்னால் இருக்கும் தபேலாவின் ‘கும்’ சப்-வூஃபர் மூலைக்கு ஓடிவிடும்.

சரி, காசு? ஐந்தையும் ஒரே நாளில் இ.எம்.ஐ.யில் வாங்க வேண்டாம். முதலில் நல்ல, முழு அளவு ஸ்பீக்கர் இரண்டு. அடுத்த போனஸில் அதே மாடலில் இன்னும் இரண்டு. ரிசீவரில் ‘சென்டர் இல்லை’ என்று செட் பண்ணினால், பாடகர் குரல் முன் இரண்டிலும் சமமாகப் பிரிந்து நடுவிலேயே கேட்கும்.

கலப்படமாக ஐந்து வாங்குவதைவிட, ஒரே மாதிரி நாலு போதும்.