ஊர்ப் பள்ளியை மறவாதீர்!



கோவில்பட்டிப் பக்கம் சென்றிருக்கிறீர்களா? கண்ணுக்கெட்டிய தூரம்வரை கரிசல் மண். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விதைக்கின்ற மானாவாரிப் பூமி. மழை பெய்தால் விளைச்சல், பொய்த்தால் வறுமை. அவ்வறுமைக்கு முதலில் பலியாவது பிள்ளைகளின் படிப்பே. கம்மாய் வற்றிய ஆண்டில், எழுதுகோல் பிடித்த விரல்கள் தீக்குச்சி அடுக்கச் சென்றுவிடும்.

இது மிகைக்கூற்று அன்று. 1920களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களிலும் பரவியது. விடியுமுன்னரே கிராமந்தோறும் வந்த பேருந்துகள், தூக்கம் கலையாத சிறுவர் சிறுமியரைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றிச் சென்றதை 1980களின் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. 1986 இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. 1996 இல் உச்ச நீதிமன்றம், குழந்தையை ஆபத்தான வேலையில் அமர்த்தும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டம், குழந்தையைத் தொழிற்சாலையிலிருந்து வெளியே கொண்டுவர மட்டுமே வல்லது. வெளியே வந்த குழந்தை எங்கே போவது? அதற்கு விடையாக நின்றவை அரசுப் பள்ளிகள்.

கோவில்பட்டியில் அப்படி நிற்பவற்றுள் ஒன்று வ.உ.சி. அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. சிறையிலிருந்து மீண்ட வ.உ.சிதம்பரனார் பின்னாளில் வழக்கறிஞராகப் பணியாற்றிய ஊரில், அவர் பெயரைத் தாங்கி நிற்பது பொருத்தமே. கோவில்பட்டிக்குக் கிழக்கேயுள்ள எட்டயபுரத்தில்தான் 1956 இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதைக் கரிசல் காட்டைவிட வேறெந்த மண் நன்கறியும்? அத்திட்டம் 1982 இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பதினோராம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்து, புகுமுக வகுப்புக்குக் கல்லூரியைத் தேடிய நிலை 1978 இல் மாறியது. மேல்நிலைக் கல்வி வந்தபின், பேருந்தேறி வரும் உழவர் வீட்டுப் பிள்ளைகளும் பன்னிரண்டாம் வகுப்புவரை பள்ளியிலேயே பயில வழி பிறந்தது.

ஏட்டுக்கல்வி மட்டுமா? வளைகோல் பந்தாட்டத்திற்குப் பெயர் பெற்ற ஊர் அது. அங்குள்ள அரசு விளையாட்டு விடுதியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினர். பொதுப்பணம் முறையாகச் செலவழிந்தால் எளிய வீட்டுப் பிள்ளை எவ்வளவு உயரலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஆயினும் நம்மிடம் ஒரு குறை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து முன்னேறிய நாமே, வசதி வந்ததும் அதன் வாயிலைத் தாண்டிச் சென்று நம் பிள்ளையை வேறிடத்தில் சேர்க்கிறோம். ஸ்காட்லாந்தைப் பாருங்கள். ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திற்கும் ஒரு பள்ளி வேண்டுமென அங்கு 1696 இலேயே சட்டம் இயற்றினார்கள். இன்றும் அந்நாட்டுப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அரசுப் பள்ளிகளிலேயே பயில்கின்றனர். மருத்துவர் பிள்ளையும் தொழிலாளி பிள்ளையும் ஒரே வகுப்பில் அமரும்போது, கூரை ஒழுகினால் கேட்பதற்கு ஊரே திரளும். ஏழைகளுக்கு மட்டுமே என்று ஒதுக்கப்பட்ட பள்ளிக்காகக் குரல் கொடுப்பவர் யார்?

இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன் 2021 இல் மறைந்தபோது, அவர் படித்த அவ்வூர்ப் பள்ளியைப் புதுப்பிக்கப் போவதாக அரசு அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால் ஒரு பள்ளியைச் செப்பனிட, அதில் படித்தவர் புகழ்பெற்று மறையும்வரை காத்திருக்க வேண்டுமா?

பெற்றோர்களே! 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோர்க்கு அளித்தது. உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். அந்த நாற்காலி நமக்காகப் போடப்பட்டது. தாய்மார்களே, கூட்ட நாளன்று சென்று அமருங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கணிதத்திற்கு ஆசிரியர் உண்டா என்று கேளுங்கள். வெளிநாட்டில் பொருளீட்டும் இளைஞர்களே, ஒரு திருமண விருந்தின் செலவில் சிறு பகுதி போதும். நீங்கள் படித்த பள்ளியின் நூலகம் நிறையும்.

இந்த மாதம் ஒரு நாள் உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சென்று வாருங்கள். நீங்கள் அமர்ந்த அதே வகுப்பில், முதல் தலைமுறையாகப் படிக்க வந்த ஒரு பிள்ளை இன்று அமர்ந்திருக்கும். அப்பிள்ளைக்கு நாம் பட்ட கடன் உண்டா, இல்லையா? சிந்தியுங்கள்.