தூள் தரும் ஆண்மை என்ற புளுகு

"தூள் இழுத்தால் ஆம்பிளைக்குப் பலம் கூடும்." திருகோணமலை ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் உள்துறைமுகத்தைப் பார்த்துக் குந்தியிருந்து, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளுக்கு அடியில் லைட்டர் பிடிக்கும் பெடியள் மட்டுமல்ல, பேரப்பிள்ளை கண்டவர்களும் இதை நம்புகிறார்கள். முன்பு அபினுக்கு இருந்த பெயர் இப்போது ஹெரோயின் தூளுக்கும் ட்ரமடோல் குளிசைக்கும் வந்திருக்கிறது. சுத்தப் புளுகு.

புளுகு எங்கே பிறந்தது என்பது தெரிந்ததுதான். இந்தச் சரக்குகள் விந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். முதலில் நேரம் நீளும். அதை இழுப்பவன் பலம் என்று எண்ணிவிடுகிறான். பல் பிடுங்க ஊசி போட்டு மரத்த வாய்க்கு ருசி கூடிவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

பிறகு நடப்பதை அவன் வெளியில் சொல்வதில்லை. அபின் வகை எதையும் நாள்பட எடுத்தால் மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் அடங்கிப்போகும். அது ஏவாவிட்டால் கபச்சுரப்பி விதைகளுக்குக் கட்டளை அனுப்பாது, ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். ஆசையும் விறைப்பும் குறையும், தசை கரையும், எலும்பு மெலியும், விந்தணுவும் பாதிக்கப்படும். "கலப்படம்தான் கெடுக்குது, நல்ல சாமான் ஒண்டும் செய்யாது" என்பார்கள். அமெரிக்க மருத்துவர் ஹாரி டேனியல் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இருந்த 54 ஆண்களும் வலிக்காக அபின் வகை மருத்துவக் குளிசை எடுத்தவர்கள். தூள் இழுத்தவர்கள் அல்ல. அவர்களிலும் ஓமோன் சரிந்திருந்தது. பெரும்பாலானோருக்குத் தாம்பத்தியமும் கெட்டிருந்தது.

(புற்றுநோய் வலிக்கு மார்பின் தேவைதான். இதைக் காட்டி அதை நிறுத்திவிடாதீர்கள்.)

எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். பிள்ளை இல்லையென்றால் மனைவிக்குத்தான் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, கோணேசருக்கு நேர்த்தி, மாமியாரின் குத்தல். மகன் என்ன இழுக்கிறான் என்று அதே மாமியார் கேட்பதில்லை. அவனோ விந்துப் பரிசோதனை என்றாலே எழுந்து போய்விடுகிறான்.

இத்தனைக்கும் பழக்கத்தை விட்டால் பலருக்கு ஓமோன் சில வாரங்களில் மீளத் தொடங்கும். அந்த வழியை விட்டுவிட்டு, வைத்தியரைக் கேளாமல் ஆண்மைக்கென்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி தேடுகிறார்கள். வெளியிலிருந்து ஓமோன் வந்தால், போதுமென்று கபச்சுரப்பி இருந்த கொஞ்சக் கட்டளையையும் நிறுத்திவிடும். பிள்ளை வேண்டிப் போட்ட ஊசியாலேயே விந்தணு எண்ணிக்கை பூச்சியத்துக்கு இறங்கலாம்.