பட்டா இல்லாத வீடு



பிள்ளை படித்துப் பேரெடுத்துவிட்டால் அவன் படத்தைக் கண்ணாடி போட்டு நடுவீட்டில் மாட்டிவிடுகிறோம். அந்தப் பேருக்காக யார் யார் முதுகு வளைந்தது என்பதை மட்டும் எங்கும் எழுதி வைப்பதில்லை.

எழுதி வைத்த ஒருவர் உண்டு. கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1942-ஆம் ஆண்டு பிறந்த கே.எஸ். மணியம். ஆசிரியர் பயிற்சிக்காக இங்கிலாந்து போய்வந்து, கெடாவில் பள்ளி வாத்தியாராக இருந்தவர். பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்து அங்கேயே விரிவுரையாளர் ஆனார். 2000-ஆம் ஆண்டில் ராஜா ராவ் விருது பெற்றார். 2020-இல் காலமானார். ஒரு வாத்தியார் இவ்வளவு தூரம் போனாரே என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். அது கிடக்கட்டும்.

1981-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் 'தி ரிட்டர்ன்'. திரும்பி வருதல் என்று பொருள். நம் வீட்டுக் கதைதான். ஆனால் ஆங்கிலத்தில் இருக்கிறது. கதையில் வரும் பாட்டிக்கு அதில் ஓர் எழுத்துகூடப் படிக்க வந்திராது. நாட்டிலிருந்து பிள்ளைகளோடு கப்பலேறி வந்தவள் அவள். அலைந்து உழைத்து ஒரு வீடு கட்டுகிறாள். அது நின்ற நிலம் அவளுடையதல்ல என்று பிற்பாடு தெரிகிறது. அந்த ஏக்கத்தோடேயே கண்ணை மூடுகிறாள்.

மகன் ஆஸ்பத்திரித் துணி வெளுப்பவன். பேரன் ரவி அவனை 'நைனா' என்று கூப்பிடுகிறான். ரவி தமிழ்ப்பள்ளியை விட்டு ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். போகப்போக வீட்டுப் பேச்சும் வீட்டு வாசனையும் அவனுக்கு அந்நியமாகின்றன. வாசகர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். கோலாலம்பூரில் வேலை கிடைத்தபின், பெற்றவள் பால்மரம் வெட்டியவள் என்று கூட்டாளிகளிடம் சொல்லக் கூசுகிற பிள்ளைகளை உங்களுக்கும் தெரியும். அவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் "என்னைப் போல் ஆகிவிடாதே" என்று தினமும் சொல்லி வளர்த்தவர்கள் யார்?

ரவி சீமையில் படித்துத் திரும்பும்போது நைனாவுக்கு நிலப் பைத்தியம் பிடித்திருக்கிறது. தனக்கு உரிமையில்லாத மண்ணில் வீடு எழுப்புகிறார். கடைசியில் அந்த வீட்டோடு தம்மையும் தீக்கு இரையாக்கிக்கொள்கிறார். மகனுடைய சர்டிபிகேட்டால் ஒரு சாண் மண்ணைக்கூட வாங்கித்தர முடியவில்லை.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியுமா? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் எத்தனை குடும்பங்கள் லயத்தைவிட்டு இறங்கின! அதனால்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க வைத்தார். பிறகும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்ப் பல இடங்களில் தாமான் வந்தது. நாற்பது வருஷம் குடியிருந்த வீட்டின் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கதையை எழுத மணியம் வரமாட்டார்.

ஆகையால் என் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன். பாட்டியின் முழுப்பெயர், பிறந்த ஊர், முதலில் வேலை செய்த தோட்டம், எந்த வருஷம் எங்கே மாறினார்கள் என்று கேட்டு எழுதிவர வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை நோட்டும் பென்சிலுமாக வந்து நின்றால், "விடிந்தால் பிரட்டு, போய்ப் படு" என்று விரட்டிவிடாதீர்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய சிவப்பு அடையாள அட்டையை எடுத்துக் காட்டுங்கள். பாட்டிக்குக் காது மந்தம் என்றால் கொஞ்சம் உரக்கக் கேட்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறேன்.